கதவில் ஒரு பெயர், சேஸிஸில் ஒரு பெயர்: பழைய பிக்கப் டிரக்கின் அடையாளத் தகடு குறித்து

1967 முதல் 1972 வரையிலான மாதிரி ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவின் விளிம்புப் பகுதியில் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்ட சிறிய உலோகத் தகடு ஒன்று கண்ணில் படும். அதில் முழுச் சொல் என்று எதுவும் அதிகம் இல்லை. கட்டங்களும் கட்டங்களுக்குள் எழுத்துகளும் எண்களும் மட்டுமே உள்ளன. எனினும் அந்த வண்டி பிறந்த ஊர், அதன் என்ஜின், நிறம், தாங்கக்கூடிய எடை ஆகிய அனைத்தும் அந்தச் சிறு பரப்பில் அடங்கியுள்ளன. அரை நூற்றாண்டு கடந்த இத்தகைய வண்டிகளைச் சீரமைப்போர் இன்று மிகுந்த முயற்சியுடன் தேடும் பொருள்களுள் இத்தகடும் ஒன்று. என்ஜின் கிடைக்கிறது, கதவு கிடைக்கிறது, இருக்கைத் துணிகூடப் பழைய நெசவிலேயே கிடைக்கிறது. தகடு தொலைந்துவிட்டால் அதற்கு ஈடு தேடுவது வேறு வகையான சிக்கலாகிறது. ஏனைய உறுப்புகள் வண்டியின் பகுதிகள். தகடோ வண்டியைப் பற்றிய கூற்று. ஓர் உறுப்பை மாற்றினால் வண்டி பழுது நீங்கும். ஒரு கூற்றை மாற்றி எழுதினால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் வினா.

என்ஜினே பெயராக இருந்த காலம்

அமெரிக்க மோட்டார் வாகன வரலாற்றின் தொடக்கத்தில் வண்டிக்கெனத் தனிப்பெயர் கிடையாது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டியின் அடையாளம் அதன் என்ஜின் மீது பொறிக்கப்பட்ட வரிசை எண்ணே. 1925ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் முதன்முதலாகத் தன் தொழிற்சாலையிலேயே பின்தொட்டியுடன் கட்டி விற்ற பிக்கப் வண்டியும் இவ்வகையினதே. அதற்கு முன் விவசாயிகள் காரின் பின்பகுதியை வெட்டிப் பெட்டி பொருத்திக் கொண்டனர். அல்லது உள்ளூர்ப் பட்டறைகள் அதைச் செய்து கொடுத்தன.

என்ஜின் எண்ணையே வண்டியின் பெயராகக் கொள்வதில் ஒரு வலுவான குறை இருந்தது. உழைக்கும் வண்டியில் முதலில் தேய்ந்து மாறும் பெரிய உறுப்பு என்ஜின்தான். பல மாநிலங்களில் உரிமைச் சான்று என்ஜின் எண்ணின் பெயரிலேயே வழங்கப்பட்டதால், என்ஜின் மாறியதும் ஆவணத்திலிருந்த பெயருக்கும் முற்றத்தில் நின்ற பொருளுக்கும் தொடர்பு அறுந்தது. இன்றும் 1930கள், 1940களின் டிரக்கை வாங்குவோர், சான்றிலுள்ள எண் வண்டியில் எங்குமே இல்லாத நிலையை எதிர்கொள்வதுண்டு. அந்த எண்ணைத் தாங்கிய என்ஜின் எப்போதோ எந்தக் காயலான் கடையிலோ உருகிப் போயிருக்கும்.

திருட்டும் இதனுடன் சேர்ந்து வளர்ந்தது. மாநில எல்லையைக் கடத்திவிட்டால் திருடனைத் தொடர்வது கடினம் என்பதால், 1919இல் அமெரிக்கக் காங்கிரஸ் தேசிய மோட்டார் வாகனத் திருட்டுச் சட்டத்தை இயற்றியது. டயர் சட்டம் என்று வழங்கும் இது, திருடப்பட்ட வண்டியை அறிந்தே மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைக் கூட்டரசுக் குற்றமாக்கியது. குற்றத்தை நிறுவ வேண்டுமாயின் ‘இது அந்த வண்டிதான்’ என்று நிறுவியாக வேண்டும். அதற்கு என்ஜினைவிட நிலையான ஓரிடத்தில் பெயர் எழுதப்பட வேண்டியிருந்தது. காலப்போக்கில் அந்த இடம் சேஸிஸ் சட்டமாக அமைந்தது.

தகட்டை வாசித்தல்

எஃப்-100 தகட்டுக்குத் திரும்புவோம். அதன் முதன்மைக் கட்டத்தில் உத்தரவாத எண் என்ற பெயரில் வண்டியின் வரிசை எண் இடம்பெறும். ‘எஃப்10’ என்ற தொடக்கம் இரு சக்கர இயக்கமுள்ள எஃப்-100 என்பதைக் குறிக்கும். அடுத்த ஓரெழுத்து என்ஜினுக்குரியது. ‘ஏ’ எனில் 240 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின். ‘பி’ எனில் 300 கன அங்குல ஆறு சிலிண்டர். 1968 மாதிரி ஆண்டு முதல் ‘ஒய்’ எனில் 360 கன அங்குல வி-8. ‘எச்’ எனில் 390 கன அங்குல வி-8. அதை அடுத்த எழுத்து வண்டி கட்டப்பட்ட ஆலையைச் சுட்டும். ‘கே’ கான்சாஸ் சிட்டி, ‘ஆர்’ கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, ‘யூ’ லூயிவில், ‘என்’ நார்ஃபோக். இறுதியில் வருவது உற்பத்தி வரிசை.

ஏனைய கட்டங்களில் முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம், வண்ணக் குறியீடு, மாதிரி, உடலமைப்பு, கியர்பாக்ஸ், ஆக்ஸில், சுமையுடன் கூடிய உச்ச எடை, குதிரைத்திறன் ஆகியவை வரும். அச்சுத் தூரக் கட்டத்தில் 115 என்றிருந்தால் குட்டைத் தொட்டி, 131 என்றிருந்தால் நீளத் தொட்டி. வண்ணக் கட்டத்தில் ‘எம்’ என்றிருந்தால் விம்பிள்டன் வெள்ளை. இன்று சிவப்பாக நிற்கும் வண்டி வெள்ளையாகப் பிறந்தது என்று அந்த ஓரெழுத்து சொல்லிவிடும். விற்பனை மாவட்டத்தையும் சிறப்புக் கோரிக்கையையும் குறிக்கும் கட்டமும் ஒன்றுண்டு. அங்கே மாவட்ட எண் மட்டுமிருந்து மேலெதுவும் இல்லையெனில், வண்டி வழக்கமான முறையில் கட்டப்பட்டதென்று பொருள். வெற்றிடமும் இங்கு ஒரு செய்தியே.

இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே வரிசை எண் சேஸிஸின் வலப்பக்க முன்சட்டத்தின் மேற்பரப்பிலும் நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே வண்டியின் பெயர் ஈரிடங்களில் உள்ளது. சேஸிஸில் இருப்பது பெயர் மட்டும். கதவில் இருப்பது பெயரும் அதன் விளக்கமும். மொழியியலார் சுட்டுக்கும் வருணனைக்கும் இடையே காணும் வேறுபாடு இதுவே. சேஸிஸ் எண் ‘இது’ என்று சுட்டுகிறது. கதவுத் தகடு ‘இது இத்தகையது’ என்று வருணிக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இவ்வருணனைக்குக் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே தலைமுறையைச் சேர்ந்த ஷெவர்லே, ஜிஎம்சி டிரக்குகளில் டாஷ்போர்டுப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். உதிரிப்பாக அடையாளச் சீட்டு என்பது அதன் பெயர். ஆலையில் சேர்க்கப்பட்ட விருப்பக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு அதில் அச்சாகியிருக்கும். ‘சி60’ என்பது குளிர்சாதனம்; ‘ஜி80’ என்பது ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் பின் ஆக்ஸில். பட்டறைக்காரர் சரியான உதிரிப்பாகம் வரவழைப்பதற்காகவே அச்சீட்டு உண்டானது. வரலாற்றுச் சான்றாக நிற்க வேண்டும் என்ற நோக்கம் அதை ஒட்டியவர்களுக்கு இருந்ததில்லை.

தகடு எவ்வாறு தொலைகிறது

பிக்கப் டிரக் காட்சிப் பொருளாகப் பிறந்ததன்று. வைக்கோலும் செங்கல்லும் சுமந்து, மழையில் நின்று, உரிமையாளர் பலரைக் கண்டு வாழ்ந்தது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்த காகிதம் ஈரத்தால் உரிந்தது, எலி கடித்தது, அடிக்கடி திறந்து மூடியதில் எழுத்துகள் தேய்ந்தன. உலோகத் தகட்டின் கதை வேறு. மறுவண்ணம் அடித்தவர் அதன்மீதே பெயிண்டைத் தெளித்திருப்பார். அல்லது கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மறந்திருப்பார்.

எல்லாவற்றினும் பெரிய குழப்பத்தை விளைவித்தது தகடு அமைந்த இடமே. கதவு கழலக்கூடிய உறுப்பு. பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பால் வடமாநிலங்களில் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிரும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்கிலிருந்து வேறொரு கதவு வாங்கி மாட்டப்படும். அக்கதவோடு வேறொரு வண்டியின் தகடும் வந்து சேரும். அன்றிலிருந்து அந்த டிரக் கதவில் ஒரு பெயரையும் சேஸிஸில் மற்றொரு பெயரையும் தாங்கி ஓடும். இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. சிக்கனம் மட்டுமே உண்டு. எனினும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதைச் சோதிக்கும் அலுவலருக்குச் சிக்கனமும் திருட்டும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும்.

படியின் வகைகள்

ஈடு தேடுவோர் முன் இன்று பலவகைப் படிகள் உள்ளன. காற்றழுத்தம், ஜாக்கி வைக்கும் முறை, என்ஜின் அளவு முதலியவற்றைக் கூறும் பொதுச் சீட்டுகள் முதல் வகை. இவை அம்மாதிரியின் எல்லா வண்டிகளுக்கும் பொதுவானவை. எந்தத் தனி வண்டியையும் அடையாளப்படுத்துவதில்லை. ஆகவே அவற்றை அச்சிட்டு ஒட்டுவதில் சிக்கலில்லை. இரண்டாம் வகை, வெற்றுக் கட்டங்களுடன் வரும் தகடு. மூன்றாம் வகை, உரிமையாளர் தரும் விவரங்களைப் பொறித்து அனுப்பப்படும் தகடும் சீட்டும். இம்மூன்றாம் வகையில்தான் கேள்விகள் எழுகின்றன. பொறுப்புள்ள தயாரிப்பாளர்கள் உரிமைச் சான்றின் நகலையும் பழைய தகட்டின் ஒளிப்படத்தையும் கேட்டுப் பெறுவதற்குக் காரணம் இதுவே.

சட்டமும் இவ்விடத்தில் விழிப்புடன் நிற்கிறது. 1984இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனத் திருட்டுச் சட்ட அமலாக்கச் சட்டத்தின்படி, வாகன அடையாள எண்ணை அறிந்தே அகற்றுவதும் அழிப்பதும் மாற்றுவதும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய கூட்டரசுக் குற்றம். பழுதுபார்ப்புக்கு இன்றியமையாததாக அகற்றுவோருக்கு அச்சட்டமே விலக்கும் அளித்துள்ளது. ஆனால் மாநிலச் சட்டங்கள் அனைத்திலும் அவ்விலக்கு ஒரே சீராக அமையவில்லை.

அதன் விளைவு கான்சாஸ் மாநிலத்தில் வெளிப்பட்டது. 1959ஆம் ஆண்டு ஷெவர்லே கார்வெட் ஒன்றை வாங்கிய ஒருவர் அதைப் பதிவு செய்ய முயன்றார். முன்பு நடந்த சீரமைப்பின்போது அதன் எண் தகடு கழற்றப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டிருந்தது. அது சோதனையில் தெரியவந்ததால் 2017இல் கார் கைப்பற்றப்பட்டது. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பது ஏற்கப்பட்டும், அன்றைய சட்டத்தின் சொற்களின்படி அந்தக் கார் அழிக்கப்படும் நிலையிலிருந்தது. 2022இல் மாநிலச் சட்டமன்றம் பழமையான வாகனங்களின் சீரமைப்புக்காகத் தகட்டைக் கழற்றிப் பொருத்துவதை அனுமதித்துச் சட்டத்தைத் திருத்திய பின்னரே கார் உரியவரிடம் திரும்பியது. இத்தனைக்கும் அத்தகடு அசலே. கழன்று மாட்டப்பட்டது மட்டுமே அதன் குறை. அசல் தகட்டுக்கே இந்நிலை என்றால், படியாக வந்து அசல் போல நிற்கும் தகட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எண் முற்றிலும் தொலைந்த வண்டிக்கு வேறு வழியுண்டு. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் நெடுஞ்சாலைக் காவற்படை வண்டியை நேரில் சோதித்துப் புதிய எண் வழங்கும். வண்டி சட்டப்படி சாலைக்குத் திரும்பும். ஆயினும் அது இனி மாநிலம் இட்ட பெயரில் வாழும். ஆலை இட்ட பெயர் வழக்கொழியும்.

ஓரெழுத்தின் விலை

கல், பல் என்னும் இணையில் ஓரொலி மாறினால் பொருள் மாறுவதை ஒலியனியல் மாணவர் அறிவர். எஃப்-100 தகட்டில் அதே நிலை விலையாக மாறுகிறது. ‘ஏ’ இருந்த இடத்தில் ‘எச்’ என்று பொறித்துவிட்டால் எளிய ஆறு சிலிண்டர் வண்டி 390 வி-8 வண்டியாகப் பிறந்தது என்றாகிவிடும். வரிசை எண்ணுக்குள் இம்மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் கூறு எதுவுமில்லை. சேஸிஸிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டால்தான் பொய் வெளிப்படும். சேஸிஸ் துருப்பிடித்து எண் அழிந்திருந்தால் அவ்வழியும் அடைபடும்.

இயற்கை மொழி இத்தகைய பிழைக்கு எளிதில் இடம் தருவதில்லை. ‘அவள் வந்தான்’ என்று காதில் விழுந்தால், கேட்பவர் எங்கோ பிழை என்று உடனே உணர்கிறார். எழுவாய் சொன்ன பாலை வினைமுற்றின் விகுதி மீண்டும் சொல்வதால், ஒன்று சிதைந்தாலும் மற்றொன்று சாட்சியாக நிற்கிறது. 1981 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் கட்டாயமான 17 எழுத்து வாகன அடையாள எண் இவ்வுத்தியையே கையாண்டது. எண்களோடு குழம்பக்கூடிய ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் விலக்கப்பட்டன. ஒன்பதாம் இடம் சரிபார்ப்புக்கென ஒதுக்கப்பட்டது. எழுத்துகளை எண்களாக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய எடையால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதியே அவ்விடத்தில் நிற்கும். மீதி 10 ஆனால் ‘எக்ஸ்’ என எழுதப்படும். வேறோரிடத்தில் ஓரெழுத்தை மாற்றினால் பெரும்பாலும் இம்மீதி ஒத்துவராது. விகுதி எழுவாயைக் காட்டிக்கொடுப்பது போல ஒன்பதாம் எழுத்து பொய்யைக் காட்டிக்கொடுக்கும்.

1981க்கு முந்தைய டிரக்குகளுக்கு இந்தக் காவல் இல்லை. அவற்றின் தகடுகள் தம்மைத்தாம் சரிபார்க்க மாட்டா. எழுத்தின் வடிவு, அழுத்தத்தின் ஆழம், வரிசையின் சீரின்மை, ரிவெட்டின் தலை ஆகியவற்றைக் கொண்டே வல்லுநர் அவற்றின் மெய்ம்மையைத் தேர்கின்றனர். கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கும் முறைக்கு இது மிக நெருங்கியது. ஆகவே ஒரு படி எவ்வளவு செம்மையாக அசலைப் போலச் செய்யப்படுகிறதோ, அவ்வளவுக்கு இத்தேர்வு முறை பயனிழக்கிறது. ஒருவர் தன் வண்டிக்காகச் செய்யும் செம்மையான போலி, பிறர் வண்டிகளின் அசல் தகடுகள் மீதும் ஐயத்தை விழச் செய்கிறது. இழப்பு அவருடையது மட்டுமாக நிற்பதில்லை.

படி, படியென்று சொல்லட்டும்

இதனால் ஈடு தேடுவதே தவறு என்று ஆகிவிடாது. தந்தை ஓட்டிய வண்டியைப் பிள்ளைகள் சீரமைக்கும்போது கதவில் வெறும் துளைகள் இரண்டு தெரிவது அவர்களை உறுத்தவே செய்யும். அந்தத் துளைகளை மூடும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்தத் தகடு எதைச் சொல்ல வேண்டும் என்பதே கேள்வி.

மூலவோலை, படியோலை என்ற பிரிவு தமிழ் ஆவண வழக்குக்குப் பழையது. படியோலை இழிவானதன்று, தான் படி என்பதை மறைக்காதவரை அதற்கும் சான்றின் மதிப்பு உண்டு. அதே நெறி இங்கும் பொருந்தும். சிதைந்த பழைய தகட்டை எறியாமல் வண்டியின் ஆவணங்களோடு வைப்பது, கழற்றும் முன் கதவையும் சேஸிஸ் எண்ணையும் ஒளிப்படம் எடுப்பது, இருக்கைக் கம்பிச்சுருள்களுக்கிடையே ஆலையின் கட்டுமானத் தாள் சிக்கியிருக்கிறதா என்று தேடுவது, மாநில அலுவலகத்தின் நெறியை முன்கூட்டியே கேட்டறிவது, புதிய தகட்டின் பின்புறத்தில் ‘படி’ என்ற சொல்லையும் செய்யப்பட்ட ஆண்டையும் பொறிப்பது ஆகியவை எவரும் செய்யக்கூடியவை. கதவும் சேஸிஸும் வெவ்வேறு பெயர் சொன்னால், கதவுத் தகட்டைத் திருத்தி இரண்டையும் ஒப்பச் செய்வதைவிட அந்த முரணை அப்படியே எழுதிவைப்பது மேலானது. துருப்பிடித்த கதவுக்கு மாற்றாக வேறொரு வண்டியின் கதவு வந்தது என்பதும் அந்த டிரக்கின் வரலாறுதான்.

பாடவேறுபாடுகளை அழித்துவிட்டுச் சீரான ஒரு பாடத்தை மட்டும் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரை ஆய்வுலகம் மன்னிப்பதில்லை. ஆறு சிலிண்டருடன், வெள்ளை நிறத்துடன், குட்டைத் தொட்டியுடன் கான்சாஸ் சிட்டியில் பிறந்த ஒரு டிரக்குக்கும் அந்த அளவு நேர்மை உரியதே. அதன் கதவில் புதிதாக ஏறும் தகடு அவ்வளவையும் உள்ளபடி சொல்லி, தான் பின்னர் எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிட்டால், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கதவைத் திறப்பவர் ஏமாறமாட்டார்.